செர்பியக் கெரில்லாத் தளபதி ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதும் முறை

ஏ3 தாள் ஒன்றை அகலவாக்கில் வைத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். நடுப் பத்தி குறுகலாக இருக்கட்டும். அதில் நாளும் இடமும் மட்டும். இடப்பக்கத்தில் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளது: பதவி, படைப்பிரிவு, யாருடைய கட்டளை. வலப்பக்கத்தில் பதிவேட்டில் ஏறாதது: எந்தக் குழு, எந்த இரகசியச் சங்கம், யார் அனுப்பினார்கள், யாருக்கு எதிராக. பன்னிரண்டு வரிசை போதும். மேஜர் வொயிஸ்லாவ் தன்கோசிச்சின் (1880–1915) வாழ்க்கை அதற்குள் அடங்கிவிடும்.

ராணுவ அதிகாரியின் வாழ்க்கை வரலாறு என்றதும் கை தானாக ஏணி வரையப் பார்க்கும்: பயிற்சிக் கல்லூரி, லெப்டினென்ட், கேப்டன், மேஜர். என்எஸ் (கட்டாயத் தேசிய சேவை) போய்வந்த பிள்ளைகள் இருக்கும் சிங்கப்பூர் வீடுகளில் அந்த ஏணி மனப்பாடம். தன்கோசிச்சுக்கு அது பாதிதான் பொருந்தும். அவர் வாழ்க்கையின் பெரிய காரியங்கள் பலவும் ஏணிக்கு வெளியே நடந்தவை. ஏணியை மட்டும் எழுதினால் ஆள் சாதாரண அதிகாரியாகத் தெரிவார். ஏணியை விட்டுவிட்டால் காட்டுக்குள் திரிந்த கலகக்காரராகத் தெரிவார். இரண்டும் தவறு. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பத்தியிலும் இருந்தார் என்பதுதான் இந்த வாழ்க்கையின் விஷயம். 1914-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமேல் தொடுத்த போருக்கான சாக்காக அவர் பெயர் அடிபட்டதும் அதனால்தான்.

வாசகர் வட்டக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசுவதற்கோ, இணைய இதழுக்கு 1,500 சொல்லில் கட்டுரை எழுதுவதற்கோ இந்த வழிமுறை ஒத்துவரும். மூன்று சனிக்கிழமை மதியம் ஒதுக்குங்கள்.

முதல் வேலை: நாள்காட்டி

எழுதத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். பின்னால் திருத்த உட்கார்ந்தால் பத்து இடத்தில் பிசகும்.

அந்தக் காலச் செர்பியா ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது. அரசாங்கக் கணக்கு கிரிகோரியனுக்கு மாறியது 1919 ஜனவரியில்தான். தன்கோசிச்சின் வாழ்நாள் முழுக்க அவர் கையெழுத்திட்ட தாளில் இருந்த நாள் வேறு, அதே காலையில் சிங்கப்பூரில் கடைக்காரர் கிழித்த காலண்டர் தாளில் இருந்த நாள் வேறு.

வித்தியாசம் 13 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். 20-ஆம் நூற்றாண்டுக்கு அது சரி. 19-ஆம் நூற்றாண்டு நாளுக்கு 12தான் கூட்ட வேண்டும். ஜூலியன் கணக்கில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள் இருந்தது, கிரிகோரியனில் 28. அந்த ஒரு நாளால்தான் 12 என்பது 13 ஆனது. 1880-களில் பிறந்தவர்களைப் பற்றி எழுதும்போது பிறந்த நாளில் 13 கூட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

நடுப் பத்தியில் ஒவ்வொரு நாளையும் சாய்கோடு போட்டு இரண்டாக எழுதுங்கள். பழையது முதலில், புதியது பிறகு. 1903 அரண்மனைக் கலகம்: மே 29 / ஜூன் 11. ஒட்டோமான் துருக்கிக்கு எதிரான முதல் பால்கன் போரைச் செர்பியா அறிவித்தது: 1912 அக்டோபர் 5 / 18. தன்கோசிச் இறந்தது: 1915 அக்டோபர் 20 / நவம்பர் 2. 1903 நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் ‘மே கலகம்’ என்கின்றன. சிங்கப்பூர் நாளிதழ்களில் அது ஜூன் 12 முதல்தான் வரும். இது தெரியாமல் மே மாதத்து இதழ்களைப் புரட்டினால் ஒரு மதியம் வீணாகும்.

சாய்கோடு வழக்கம் நாம் கண்டுபிடித்ததல்ல. 1914-இல் செர்பிய அரசே ஆஸ்திரியாவுக்கு எழுதிய பதிலில், ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்ட சரயேவோக் கொலை நாளை ‘15/28 ஜூன்’ என்றுதான் குறித்தது.

விக்டோரியா ஸ்திரீட்டில் தேடுவது

பூகிஸ் எம்ஆர்டியில் இறங்கினால் தேசிய நூலகம் நடக்கும் தூரம். 7 முதல் 13-ஆம் மாடி வரை லீ கொங் சியான் ஆய்வு நூலகம். அங்குள்ளவை இரவலுக்குக் கிடையாது, உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். இரவல் நூல்களுக்கு அதே கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள மத்தியப் பொது நூலகம். பால்கன் போர்கள், முதல் உலகப் போரின் தொடக்கம் ஆகிய இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு பொது வரலாற்று நூல் எடுத்துக்கொள்ளுங்கள். தன்கோசிச் அவற்றில் பெரும்பாலும் ஒரு வரியோ இரண்டு வரியோதான் வருவார். பின்னால் உள்ள பெயர்ச் சுட்டியில் தேடினால் அகப்படுவார்.

நம் ஊருக்கென்று உள்ள பொக்கிஷம் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், 1914-இல் தொடங்கிய மலாயா ட்ரிபியூன் எல்லாம் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ் முரசு 1935-இல்தான் பிறந்தது, சிங்கை நேசன் 1890-லேயே நின்றுவிட்டது. ஆகவே இந்தக் காலத்துக்குத் தமிழ் இதழ்களில் தேட வேண்டாம்.

தேடல் பெட்டியில் இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒன்றும் வராது. அதனால் ‘செய்தியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று காரணம்.

ஒன்று, நாட்டின் பெயர். அன்றைய ஆங்கில இதழ்கள் செர்பியாவை ‘செர்வியா’ என்றே எழுதின, பி எழுத்துக்குப் பதில் வி. 1903-க்கும் 1912-க்கும் வி போட்டுத் தேடுங்கள். உலகப் போர் தொடங்கிய பிறகு பி மெல்ல வழக்கத்துக்கு வந்தது, அந்த ஆண்டுகளுக்கு இரண்டையும் போடுங்கள்.

இரண்டு, ஆளின் பெயர். கடைசி ‘இச்’ ஒலியை இன்றைய நூல்கள் ஐ, சி என்று இரண்டே எழுத்தில், சி-யின் தலையில் ஒரு கீற்றுடன் எழுதும். அன்றைய இதழ்கள் ஐ, டி, சி, எச் என்று நான்கு எழுத்தில் எழுதின. நடுவில் வரும் எஸ் ஒரு இடத்தில் ஒற்றை, ஒரு இடத்தில் இரட்டை. 1914 ஆவணங்களின் ஆங்கில வடிவங்களிலேயே, ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு வைத்து அனுப்பிய குறிப்பில் ‘வொய்யா’ என்ற சுருக்கப் பெயரும், செர்பியப் பதிலில் ‘வொயிஸ்லாவ்’ என்ற முழுப் பெயரும் இருக்கின்றன. அவருடன் சேர்த்துப் பேசப்பட்ட மிலான் ட்சிகானோவிச்சின் முதலெழுத்து சி-யாகவும் வரும், இசட்-ஆகவும் வரும்.

மூன்று, ஊர்கள். ஸ்கோப்யே அப்போது உஸ்குப், பிதோலா அப்போது மொனாஸ்டிர், தெஸ்ஸலோனிகி அப்போது சலோனிகா. ஆள் பெயரைவிட ஊர்ப் பெயரில் தேடினால் அதிகம் அகப்படும்.

மங்கிய பழைய அச்சைக் கணினி எழுத்தாக்கியதில் பிழை ஏராளம். எனவே முக்கியமான வாரங்களுக்குத் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். 1903 ஜூன் 12 முதல் ஒரு வாரம், 1912 அக்டோபர் 15 முதல் மாதக் கடைசி வரை, 1914 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை, இந்த மூன்று கட்டத்தையும் நாள்வாரியாகத் திறந்து தந்திச் செய்திப் பத்தியைக் கண்ணால் பாருங்கள். அகப்பட்டதற்கு இதழின் பெயர், நாள், பக்கம், பத்தி நான்கையும் உடனே குறியுங்கள். நிகழ்ச்சி நடந்த நாளையும் இதழ் வெளிவந்த நாளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். செய்தி தந்தியில் வந்து, அச்சேறி, மறுநாளோ அதற்கு மறுநாளோதான் இங்கே கைக்கு வந்தது.

1915-இல் தேடும்போது பிப்ரவரி 15 சிப்பாய்க் கலகம் கண்ணில் பட்டு இழுக்கும். அது நம் ஊர்க் கதை, தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. அன்றைக்கு அதைத் திறக்காதீர்கள்.

நான்கு சொல், நான்கு குழி

மொழிபெயர்க்கும்போது அதிகம் சறுக்குவது ‘வொய்வொதா’. செர்பிய ராணுவத்தில் இது எல்லாவற்றுக்கும் மேலான பதவி, ஃபீல்ட் மார்ஷலுக்குச் சமம். 1912-இல் ரதோமிர் புத்னிக்தான் முதலில் பெற்றார். முதல் உலகப் போர் முடியும் வரை மொத்தம் நான்கே பேர். ஆனால் அதே சொல் மலைக்குள் இருபது முப்பது பேரை நடத்திப்போன குழுத் தலைவருக்கும் வழங்கியது. வொயின் போபோவிச் என்ற அதிகாரியை எல்லாரும் ‘வொய்வொதா வுக்’ என்றார்கள். வுக் என்றால் ஓநாய். அவர் 1916 நவம்பர் 29 அன்று மாசிடோனியப் போர்முனையில் இறந்தபோது பதவி லெப்டினென்ட் கர்னல். அவரை ‘ஃபீல்ட் மார்ஷல் ஓநாய்’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார், எழுதியவருக்குப் பிழை எங்கே என்றே தெரியாது. குழுத் தலைவர் பொருளில் வந்தால் ‘குழுத் தலைவர்’ என்று எழுதி வலப்பக்கத்தில் போடுங்கள். ராணுவப் பதவியானால் இடப்பக்கம்.

‘செத்னிக்’ என்பது ‘சேத்தா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சேத்தா என்றால் படைக் கூட்டம், ஆயுதக் குழு. முதல் எழுத்தைப் ‘பச்சை’யில் வரும் ச்சை போல அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் பத்தில் எட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து த்ராஜா மிஹைலோவிச்சின் செத்னிக்குகளைக் காட்டும். அது 1941-இல் தொடங்கும் வேறு கதை. தன்கோசிச் அதற்கு இருபத்தாறு ஆண்டுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார். கோஸ்தா பெச்சானட்ஸ் போன்ற ஒருசிலர் இரண்டு காலத்திலும் வருவதால் குழப்பம் கூடும். எந்தத் தகவல் எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

‘கொமிதா’ என்ற சொல்லும் வரும். அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த மாசிடோனியாவில் இயங்கிய எல்லாத் தரப்பு ஆயுதக் குழுவினருக்கும் பொதுவாக வழங்கிய சொல் அது, பல்கேரியக் குழுக்களுக்கும் சேர்த்து. சொல் வந்த இடத்தில் எந்தத் தரப்பு என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான்காவது நம்முடைய சொல்லே. போராளி ‘கெரில்லா’, குரங்கு ‘கொரில்லா’. கட்டுரையில் ஒரு துணைக்கால் கூடினால் போதும், போராளி குரங்காகிவிடுவார்.

சிங்கப்பூரில் கெரில்லா என்றதும் பலருக்கு இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் இரகசியப் படையான ஃபோர்ஸ் 136-உம் அதில் இருந்த லிம் போ செங்கும் நினைவுக்கு வருவார்கள். ஒப்பிட்டுப் பேசலாம், ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு. ஃபோர்ஸ் 136 ஜப்பானியர் பிடித்துக்கொண்ட நிலத்துக்குள் போனது. 1904-இன் செர்பியக் குழுக்கள் போனது இன்னும் போரே அறிவிக்கப்படாத ஒட்டோமான் பேரரசின் மாவட்டங்களுக்குள். அங்கே அவர்கள் துருக்கியப் படையோடு மட்டுமல்ல, பல்கேரியக் குழுக்களோடும் மோதினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவை கிராமங்கள்.

பெயர்களைத் தமிழில் எழுதுவது

செர்பிய மொழிக்கு 30 எழுத்து, ஒலிக்கு ஒன்று. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்காமல் செர்பிய ஒலியைப் பார்த்து எழுதினால் வேலை எளிது. ஜே எழுத்து ய ஒலி. தனி சி எழுத்து ட்ஸ. எனவே ஆயுதச் சாலை இருந்த ஊர் கிராகுயெவாட்ஸ், கிராகுஜெவாக் அல்ல.

டி எழுத்துக்கு ட-வா த-வா என்ற கேள்வி வரும். செர்பிய ஒலி நாக்கு பல்லில் படும் த. ரஷ்ய இலக்கியம் படித்த தமிழர்களுக்கு டால்ஸ்டாய் ஒருபக்கமும் தல்ஸ்தோய் ஒருபக்கமும் பழக்கம்தான். இங்கே த-வை எடுத்துக்கொள்வது நல்லது. ‘டாங்கோசிச்’ என்று எழுதினால் வாசிப்பவர் வாயில் டாங்கோ நடனம் வந்துவிடுகிறது. ‘தன்கோசிச்’ என்றால் க அழுத்தமாக நிற்கும். ‘கருங்கை’ என்ற இரகசியச் சங்கத்தின் மூளையான த்ராகுதின் திமித்ரியெவிச்சின் பட்டப்பெயரை ‘ஆபிஸ்’ என்று எழுதாதீர்கள், அலுவலகம் என்று படிப்பார்கள். ‘அபிஸ்’ என்று குறிலில் எழுதுங்கள். பிரின்சிப் போல ஏற்கெனவே தமிழில் ஊறிவிட்ட பெயரை மாற்ற வேண்டாம்.

எப்படி எழுதினாலும் சரி, முதல் பக்கத்தில் எழுதியதே கடைசிப் பக்கத்திலும் இருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசைகளை நிரப்புவது

பிறப்பு 1880, உப் நகருக்கு அருகே ருக்லாதா கிராமம். பிறகு பெல்கிரேடு ராணுவக் கல்லூரி. இரண்டு வரி போதும். குழந்தைப் பருவத்தை இட்டுக்கட்டி நீட்டாதீர்கள்.

மூன்றாவது வரிசை 1903 ஜூன் 11. இங்கே பேனா தயங்கும். இடப்பக்கத்தில் லெப்டினென்ட். வலப்பக்கத்தில், அரசர் அலெக்சாந்தர் ஒப்ரேனோவிச்சையும் அரசி த்ராகாவையும் கொன்ற அதிகாரிகளின் சதியில் பங்கு. அந்த இரவில் அரசியின் உடன்பிறந்த சகோதரர்கள் நிகோதியே, நிகோலா லுன்யெவிட்ஸா இருவரையும் சுட்டுக்கொன்ற படையினருக்குத் தலைமை தாங்கியவர் தன்கோசிச். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. இதை விட்டுவிட்டு மாசிடோனியாவிலிருந்து தொடங்கும் வீரக் கட்டுரைகள் உண்டு. அப்படி எழுதாதீர்கள். இரு சகோதரர் பெயரையும் முழுமையாகப் போடுங்கள். சதிகாரர்களைப் புதிய ஆட்சி தண்டிக்கவில்லை என்பது அடுத்த பத்தாண்டுக்கும் திறவுகோல். இடப்பக்கச் சத்தியத்தை மீறிய பிறகும் இடப்பக்கப் பதவி நிலைக்கும் என்பதை அந்த அதிகாரிகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

1904 முதல் 1908 வரை மாசிடோனியா. செத்னிக் அமைப்பைப் பெல்கிரேடில் 1903-இல் தொடங்கியவர்களில் மருத்துவர் மிலோராத் கோஜெவாட்ஸ், வணிகர் லூகா செலோவிச் போன்ற ராணுவம் சாராதவர்களும் இருந்தார்கள். பிறகு அரசாங்கம் அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இந்தக் கட்டத்தில் இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். வெறுமையாகவே விடுங்கள், பதவியை ஊகித்து நிரப்பாதீர்கள். ஆவணம் ஒரு பதவியைச் சொல்லும் நாளில் மட்டும் அந்தப் பதவியை எழுதுவது என்று வைத்துக்கொண்டால் தவறே வராது. 1908 ஜூலையில் இளம் துருக்கியர் புரட்சி. பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டு குழுக்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தன.

அதே அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவை இணைத்துக்கொண்டது. பெல்கிரேடில் ‘நரோத்னா ஒத்ப்ரானா’, அதாவது தேசியப் பாதுகாப்பு என்ற சங்கம் எழுந்தது. தன்கோசிச் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரானார். 1911-இல் ‘ஒன்றிணைவு அல்லது மரணம்’ என்ற இரகசியச் சங்கம் உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். வெளியில் அதற்குக் ‘கருங்கை’ என்று பெயர். இந்த இரண்டு சங்கத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முன்னது வெளிப்படையானது, கிளைகள் கொண்டது. பின்னது இரகசியமானது, அதிகாரிகளின் பிடியில் இருந்தது. ஒரே ஆட்கள் இரண்டிலும் இருந்ததால் 1914-இல் ஆஸ்திரியாவே குழம்பி, முன்னதன்மேல் குற்றம் சாட்டியது.

1912 வரிசைக்கு ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். 1878-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட எல்லையைக் காட்டும் படம்தான் பயன்படும். யூகோஸ்லாவியப் படமோ இன்றைய படமோ வைத்தால் எதுவும் புரியாது. அதில் ப்ரோகுப்லியே செர்பியாவின் தெற்கு ஓரத்தில் இருப்பதைப் பார்க்கலாம். தன்கோசிச் தொண்டர்களைச் சேர்த்தது அங்கே. பின்னாளில் சரயேவோவில் இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் என்ற போஸ்னியப் பையன் சேர வந்தபோது, உடம்பு சிறிது, பலம் போதாது என்று திருப்பி அனுப்பியவர் இவர்தான். எல்லையில் மெர்தாரே. தன்கோசிச்சின் ஆட்கள் அங்கே அதிகாரபூர்வப் போர் அறிவிப்புக்கு முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். நடுப் பத்தியில் அக்டோபர் 5 / 18 என்று எழுதி, மெர்தாரேயை அதற்கு மேல் வரிசையில் போடுங்கள். தாளில் அந்த ஒரு வரிசை மேலே ஏறி நிற்பதே ஆளைச் சொல்லிவிடும்.

1914: இரண்டு தாளை அருகருகே வைத்துப் படிப்பது

பேச்சில் இருபது நிமிடம் என்றால் எட்டு நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ட்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் கொல்லப்பட்டார்கள். ஜூலை 23 மாலை 6 மணிக்கு ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் பெல்கிரேடில் குறிப்பைக் கொடுத்தார். பிரதமர் பாஷிச் ஊரில் இல்லை, வாங்கியவர் நிதியமைச்சர் பச்சு. பத்துக் கோரிக்கை, 48 மணி நேரக் கெடு. பாஷிச் 25-ஆம் தேதி கெடு முடியும் நேரத்தில் பதிலைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். 28-இல் போர்.

குறிப்பின் ஏழாவது கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரைத் தாமதமின்றிக் கைது செய்யச் சொல்கிறது. தன்கோசிச்சை ‘மேஜர்’ என்கிறது. ட்சிகானோவிச்சைச் ‘செர்பிய அரசு ஊழியர்’ என்கிறது. இருவரையும் இடப்பக்கப் பத்தியிலேயே வைத்துப் பேசுகிறது. சங்கத்தின் உறுப்பினர், குழுத் தலைவர் என்று ஒரு சொல் இல்லை. உங்கள் பதிவேட்டில் உள்ள ஆட்கள் செய்தது, ஆகவே பொறுப்பு உங்களுடையது என்பதுதான் வாதம்.

இப்போது செர்பியாவின் பதில். குறிப்பு கிடைத்த அன்று மாலையே மேஜர் தன்கோசிச்சைக் கைது செய்துவிட்டோம் என்கிறது. மேஜர் என்பதை மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. ட்சிகானோவிச் விஷயத்தில் வேறு பாட்டு. அவர் ஆஸ்திரியா-ஹங்கேரியின் குடிமகன், 15/28 ஜூன் வரை ரயில்வே துறையில் தகுதிகாண் ஊழியராக இருந்தார், இன்னும் பிடிக்க முடியவில்லை. ‘அரசு ஊழியர்’ என்ற சொல்லை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் பாருங்கள். குடியுரிமை உங்களுடையது, வேலை தற்காலிகம், அதுவும் கொலை நடந்த நாளோடு முடிந்தது. இடப்பக்கத்திலிருந்து ஓர் ஆளை வலப்பக்கத்துக்குத் தள்ளும் வேலை ஒரே வாக்கியத்தில் நடக்கிறது. கூட்டத்தில் இந்தக் கோரிக்கையையும் பதிலையும் தமிழாக்கி ஒரே தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் அமைதியாகப் படிக்க விடுங்கள்.

ஆயுத விவரத்தையும் துல்லியமாக எழுத வேண்டும். தன்கோசிச்சும் ட்சிகானோவிச்சும் கொலையாளிகளுக்குக் கொடுத்தவை ஆறு குண்டு, நான்கு பிரவுனிங் என்கிறது குறிப்பின் பின்னிணைப்பு. குண்டுகள் கிராகுயெவாட்ஸ் ஆயுதச் சாலையைச் சேர்ந்தவை, சுடும் பயிற்சி தோப்சிதேரில் நடந்தது என்றும் சொல்கிறது. தமிழில் ‘துப்பாக்கி’ என்று மட்டும் எழுதினால் தோளில் மாட்டும் நீளத் துப்பாக்கி கண்முன் வரும். இவை பெல்ஜியத்தில் செய்த எஃப்என் நிறுவனத்தின் 1910 மாதிரிக் கைத்துப்பாக்கிகள், சட்டைப்பைக்குள் அடங்குபவை. ‘வெடிகுண்டு’ என்பதும் பொருந்தாது, ‘கையெறி குண்டு’ என்று எழுதுங்கள். மூடியைத் தட்டியதும் உடனே வெடிக்காமல் சில விநாடி கழித்து வெடிக்கும் வகை. கொலையாளிகளில் ஒருவரான சப்ரினோவிச் எறிந்த குண்டு இளவரசரின் காரில் பட்டு விழுந்து, பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது அந்தத் தாமதத்தால்தான். அந்தச் சில விநாடியைச் சொல்லாமல் விட்டால் காலையில் தப்பிய இளவரசர் எப்படித் தப்பினார் என்பது கேட்பவர்களுக்கு விளங்காது.

சொன்னவர் யார், எப்போது

ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் அது பதிவான ஆண்டை எழுதுங்கள். தன்கோசிச் பற்றிய பேச்சில் இது மிக முக்கியம். 1914 அக்டோபரில் சரயேவோ வழக்கு நடந்தபோது அவர் உயிரோடு எதிரி நாட்டில் இருந்தார். குற்றவாளிகள் அவர்மேல் எதைச் சொன்னாலும் அவருக்கு உடனடித் தீங்கில்லை. 1917-இல் சலோனிகாவில் செர்பிய அரசே அபிஸை விசாரித்துச் சுட்டுக் கொன்றபோது தன்கோசிச் இறந்து இரண்டாண்டு ஆகப்போகிறது. இறந்தவர்மேல் எதையும் ஏற்றலாம், மறுக்க ஆள் இல்லை. அதனால் 1917-க்குப் பிந்தைய கூற்றுகளை ‘என்று பின்னாளில் கூறப்பட்டது’ என்ற வாலோடுதான் எழுத வேண்டும். இந்த வால் இல்லாத கட்டுரைகளில்தான் யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள் என்பது சந்தேகமே இல்லாததுபோல் ஓடும்.

கடைசி வரிசைகள்

போர் தொடங்கியதும் கைதி தளபதியானார். செர்பியா 1914-இல் நான்கு செத்னிக் பிரிவுகளை அமைத்தது. ருத்னிக் பிரிவு தன்கோசிச்சுக்கு, யாதர் பிரிவு வொயின் போபோவிச்சுக்கு. இந்த வரிசையில் இடமும் வலமும் ஒன்றாகிவிடும். பத்தாண்டாகப் பதிவேட்டுக்கு வெளியே செய்த வேலையை இப்போது பதிவேட்டுக்குள்ளேயே செய்கிறார். நடுக்கோட்டை அழித்துவிட்டு வரிசையைக் குறுக்காக எழுதுங்கள்.

1915 அக்டோபரில் ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைகள் வடக்கிலிருந்தும் பல்கேரியா கிழக்கிலிருந்தும் நுழைந்தன. பின்வாங்கும் சண்டையில் வெலிகி போபோவிச் அருகே தன்கோசிச் காயம்பட்டு நவம்பர் 2-இல் த்ர்ஸ்தெனிக்கில் இறந்தார். வெலிகி போபோவிச் ஓர் ஊர். வொயின் போபோவிச்சோடு கலந்து ‘போபோவிச்சால் காயம்பட்டார்’ என்று எழுதிவிடாதீர்கள். ஊரைப் பிடித்த எதிரிகள், இறந்தது அவர்தானா என்று உறுதிப்படுத்தக் குழியைத் தோண்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். கோரிக்கை எண் ஏழில் இருந்த பெயர் அல்லவா.

பேசும்போது நிமிடத்துக்கு 90 முதல் 100 தமிழ்ச் சொல் என்று கணக்கு வையுங்கள். செர்பியப் பெயர்கள் இடறும் என்பதால் 1,800 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். வரைபடம் மூன்று: 1912-க்கு முந்தைய எல்லை, 1913-க்குப் பிந்தைய எல்லை, 1915 இலையுதிர்காலப் பின்வாங்கல். பெயர்களை முந்தின நாளே வீட்டில் யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்ல முடியாத பெயரை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கேள்வி நேரத்தில், அவர் வீரரா பயங்கரவாதியா என்று யாராவது கட்டாயம் கேட்பார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். ஏ3 தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தால், எந்த வரிசையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். லுன்யெவிட்ஸா சகோதரர்கள் உள்ள வரிசையா, மாசிடோனியக் கிராமங்கள் உள்ள வரிசையா, 1915 பின்வாங்கலா என்று அவரே எழுந்து வந்து விரலை வைக்கட்டும். அந்த வரிசையில் உள்ளதை மட்டும் பேசுங்கள்.